ஓதம் காக்கும் சுவரில் விண்முகில்: அலுமினியத் தகட்டில் நெபுலா படங்கள்

வணக்கம் நேயர்களே. செங்கோட்டையிலிருந்து பேசுகிறேன். ஆனியிலும் ஆடியிலும் ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரல் இறங்கும் ஊர் இது என்பதால், சுவர் ஓதம் காத்து, சட்டமிட்ட காகிதப் படங்களில் கண்ணாடியின் உட்புறமே பூசணம் பூத்துவிடும். அதனால்தான் எங்கள் வரவேற்பறைக்கு நெபுலா (விண்வெளியில் உள்ள வாயு, தூசு மேகம்) படங்களை அலுமினியத் தகட்டில் அச்சிட்டு வாங்கினேன்.

இதன் செய்முறை எளியது. படத்தை முதலில் ஒரு தாளில் இடவலம் மாற்றி அச்சிடுகிறார்கள். பாலிமர் பூசிய தகட்டின்மேல் அந்தத் தாளை வைத்துச் சுமார் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அழுத்தும்போது, சாயம் ஆவியாகிப் பூச்சுக்குள் ஊறிவிடுகிறது. மேற்பரப்பில் மை என்று தனியாக எதுவும் இல்லாததால் ஈரத்தில் உரிவதற்கும் ஒன்றுமில்லை. கடைப் பெயர்ப்பலகைக்குப் பயன்படும் ஏசிபி பலகையில் (இரு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்தது) நேரடியாக மை அச்சிட்டு, அதையும் ‘மெட்டல் பிரிண்ட்’ என்றே விற்பவர்கள் உண்டு. விலை குறைவுதான்; ஆனால் அதில் மை மேலேயே நிற்கிறது. எது வேண்டும் என்பதைக் கேட்டுத் தெளிந்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

இனி, பலரும் கவனிக்காமல் விடும் விஷயத்துக்கு வருகிறேன். எந்த நெபுலா அழகு என்பதைவிட, அந்தப் படத்தில் கருமை எவ்வளவு என்பதே முக்கியம். பளபளப்பான தகட்டில் கரும்பகுதி கண்ணாடியாகிவிடும். எதிரே சன்னல் இருந்தால் பகல் முழுவதும் சன்னல் கம்பிகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். 2022 ஜூலை 12 அன்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் படங்களாக வெளிவந்தவற்றில் இரண்டை இதோ பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். தெற்கு வளைய நெபுலாவைச் சுற்றிலும் பெரும்பகுதி இருள். கரைனா நெபுலாவின் ஓரத்தில் உள்ள ‘அண்டப் பாறைகள்’ படத்திலோ கீழே செம்பழுப்பு, மேலே நீலம். வெறும் கருமை மிகக் குறைவு. ஆகவே வெளிச்சமான கூடத்துக்கு இரண்டாவதுதான் பொருத்தம். முதலாவதை மங்கல் பூச்சில் அச்சிட்டு, சன்னலுக்கு எதிரே இல்லாத உட்சுவரில் மாட்டுவதே சரி.

பூச்சிலும் தேர்வு உண்டு. வெள்ளை அடிப்பூச்சு இருந்தால் நிறங்கள் உள்ளபடி நிற்கும். அடிப்பூச்சு இல்லாத தகட்டில் வெண்மையான இடங்களிலெல்லாம் அலுமினியமே தெரிவதால் விண்மீன்கள் வெள்ளிபோல மின்னுகின்றன. கடையில் பார்க்கும்போது மனம் அதில்தான் விழும். ஆனால் நெபுலாவின் இளமஞ்சளும் இளஞ்சிவப்பும் அதே காரணத்தால் சாம்பல் தட்டிப்போகும். நான் வெள்ளைப் பூச்சின் பக்கம்.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த, கழுகு நெபுலாவின் ‘படைப்பின் தூண்கள்’ படத்தில் கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பும், ஹைட்ரஜனுக்குப் பச்சையும், ஆக்சிஜனுக்கு நீலமும் அறிவியலாளர்கள் தெரிந்தே கொடுத்தவை. அச்சகத்தார் ‘கலர் கொஞ்சம் ஏத்தட்டுமா?’ என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். அதே படத்தின் 1995ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு மூலை படிக்கட்டுபோல வெட்டுப்பட்டிருப்பதும் அச்சுப் பிழையன்று. அந்தக் கேமராவின் நான்கு உணர்விகளில் ஒன்று மட்டும் சிறிய பரப்பை நுட்பமாகப் படமெடுத்ததால் வந்த வடிவம். அந்த மூலை உறுத்தினால் 2014இல் மீண்டும் எடுத்த முழுப் படத்தை வாங்கலாம். எனக்குப் பழையதே பிடிக்கிறது.

அச்சுக்கான படக்கோப்பை வாட்ஸ்அப்பில் வந்த படத்திலிருந்து எடுக்காதீர்கள். இரண்டடிக்கு மூன்றடித் தகட்டுக்கு, அங்குலத்துக்கு 150 புள்ளிகள் என்ற கணக்கில், 3600க்கு 5400 பிக்சல் தேவை. நாசாவின் தளத்திலேயே முழு அளவுக் கோப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ‘அண்டப் பாறைகள்’ கோப்பின் அகலம் மட்டும் 14,000 பிக்சலைத் தாண்டும்.

அந்த அளவுத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு கிலோகூட இராது என்பதால், பழைய காரைச் சுவரும் எளிதாகத் தாங்கும். அலுமினியம் துருப்பிடிக்காது, திருகாணி பிடிக்கும். ஆகவே துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியே போடுங்கள். தகட்டுக்கும் சுவருக்கும் இடையே அரை அங்குலமாவது இடைவெளி இருந்தால், சாரல் காலத்தில் பின்னால் காற்றோட்டம் இருக்கும். நேர் வெயில் விழும் மேற்குச் சன்னலோரம் மட்டும் வேண்டாம், சாயம் வெளுத்துவிடும். தூசி துடைக்க, பழைய பருத்தி வேட்டித் துணி போதும்.