திப்பு காலத்து வீடும் மங்களூர் ஓடும்

(காவேரிப்பட்டணம் அருகே, தோட்டத்து வீட்டு வாசலில் நடந்த ஊர்க் கூட்டத்தில் பேசியது)

வந்திருக்கிற பெரியவர்களுக்கும் பங்காளிகளுக்கும் வணக்கம்.

இந்த வீடு திப்பு காலத்தது என்று அப்பா கண்மூடும்வரை சொன்னார். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்புவிடமிருந்து பாராமகால், அதாவது நம்முடைய இந்தச் சீமை, கிழக்கிந்தியக் கும்பினி கைக்குப் போனது. கேப்டன் ரீடும் அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, குடியானவனிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு இங்கேதான் அடி போட்டார்கள். ‘அளக்க வந்த துரை நம்ம திண்ணையிலதான் மோர் குடிச்சான்’ என்பார் அப்பா. மோருக்கு ஏது சாட்சி?

அவர் இருக்கும்போதே ஒரு மழையில் ஓடு சரிந்தது. எடுத்துப் புரட்டினால் அடியில் மங்களூர் என்று அச்சு. அங்கே பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்துப் பாதிரிமார் சபை ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதே 1865இல்தான். காட்டினேன். ‘கூரையை அப்புறம் மாத்தியிருப்பாங்கடா’ என்றார், சளைக்காமல். சரி, சமையல்கட்டுக்கு மேலே இன்றைக்கும் நாட்டு ஓடுதான் கிடக்கிறது. அந்த மட்டும் அவர் பக்கம் நியாயம் உண்டு.

எனக்கு வீட்டைவிட இந்த வாசல்தான் பெரிசு. அதோ, அந்தப் பலகைக் கல்லுக்குக் கீழே ராகிக் குழி. வாய் ஒரு பையன் இறங்குகிற அளவு; உள்ளே பானை மாதிரி அகலம். சுற்றிலும் வைக்கோல் திணித்து, ராகியைக் கொட்டி, கல்லை வைத்து மண் பூசிவிட்டால் வருஷக்கணக்கில் கெடாது. பொடித் தானியம், நெருங்கி உட்காரும். பூச்சிக்கு இடம் கொடுக்காது. மழை பொய்த்தால்தான் திறப்பார்கள். திறந்ததும் யாரும் இறங்கக் கூடாது. காற்றாட விட்டு, கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்குவார்கள். அணைந்தால் உள்ளே விஷக்காற்று. வீட்டிலேயே ஒல்லி நான் என்பதால் இறங்கும் வேலை எனக்கு. அடியில் கிடந்த ராகியில் களி கிண்டினால் புழுக்க வாடை அடிக்கும். அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவாள்.

1965இல் சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது, 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி. எங்கள் வீடு அதற்கெல்லாம் முன்பே பிரிந்துவிட்டது. மாந்தோப்பை மரம் மரமாக எண்ணிப் பிரித்தார்கள். திண்ணை நடுவில் சுவர் வந்தது. கிணறு, களம், குழி மூன்றை மட்டும் ‘பொதுவில் அனுபவித்துக்கொள்வது’ என்று பத்திரத்தில் எழுதிவிட்டார்கள். அந்த ஒரு வரியால் யாராலும் தனியாக விற்க முடியவில்லை, வீடு தப்பியது.

பேரன் கடப்பாரை கொண்டுவந்துவிட்டான். பிள்ளைகளா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். முதலில் விளக்கு இறங்கட்டும்.