எல்லாத்தையும் ஜேசான்லயே வச்சுக்கலாமா?

அடுத்த கேள்வி. ஒருத்தர் ஒரு சின்ன ஆபீஸுக்கு சாஃப்ட்வேர் எழுதுறார். வாடிக்கையாளர் பட்டியல் சிஎஸ்வியா (CSV, கமா போட்டுப் பிரிச்ச வரிகள்) வருது, செட்டிங்ஸ் யாமல்ல (YAML, இடம் விட்டு அடுக்கி எழுதுற வடிவம்) இருக்கு, சர்வர் ஜேசான்ல (JSON, புரோகிராமுங்க டேட்டா பரிமாறிக்கிற வடிவம்) பேசுது. "மூணு எதுக்கு, எல்லாத்தையும் ஜேசான்லயே வச்சுக்கலாமா?"ன்னு கேக்குறார்.

வேண்டாங்க. அந்த ஃபைலை அடுத்து யார் திறக்கப்போறாங்கன்னு பாருங்க. பட்டியலைத் திறக்குறது கணக்கு பாக்குறவங்க. அவங்க கையில ஜேசானைக் கொடுத்தா முழிப்பாங்க. அங்க சிஎஸ்விதான் சரி.

ஆனா சிஎஸ்வியைக் கெடுக்குறதே எக்செல்தான். டபுள் கிளிக் பண்ணித் திறந்தீங்கன்னா, 0-ல ஆரம்பிக்கிற நம்பர்ல அந்த 0 காணாமப் போயிடும். 12 இலக்க ஆதார் எண் 1.23457E+11-னு (அதாவது 1.23457 பெருக்கல் 10-இன் 11-ஆவது அடுக்கு) சுருங்கிக் காட்டும். அப்படியே திரும்ப சிஎஸ்வியா சேவ் பண்ணா, மிச்ச இலக்கம் ஃபைல்லயே இருக்காது. திரும்ப எடுக்க வழியே இல்ல. மேற்கோள் குறிக்குள்ள போட்டுப் பாத்தேன்னு சிலர் சொல்வாங்க. எக்செல் அதையும் எண்ணாத்தான் எடுத்துக்கும். டேட்டா டேப்ல போயி டெக்ஸ்ட்-சிஎஸ்வி வழியா இம்போர்ட் பண்ணி, அந்த எண் இருக்குற நெடுவரிசையை டெக்ஸ்ட்டுன்னு மாத்துங்க.

பேரெல்லாம் தமிழ்ல இருந்தா இன்னொரு வம்பு. ஃபைல் யூடிஎஃப்-8-ல (எல்லா மொழி எழுத்தையும் சேமிக்கிற என்கோடிங் முறை) சரியாவே இருக்கும். ஆனா தொடக்கத்துல 'இது யூடிஎஃப்-8'னு அடையாளம் காட்டுற பிஓஎம் (BOM)-னு 3 பைட் இல்லைன்னா எக்செல் வேற என்கோடிங்னு நினைச்சு, கோழி கிறுக்கின மாதிரி காட்டும். பைத்தான்ல எழுதும்போது என்கோடிங் 'யூடிஎஃப்-8-சிக்'னு (utf-8-sig) கொடுங்க. படிக்கும்போதும் அதேதான். வெறும் யூடிஎஃப்-8-னு படிச்சா முதல் நெடுவரிசையோட பேர்ல கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டிக்கும். அப்புறம் 'அப்படி ஒரு நெடுவரிசையே இல்ல'ன்னு எரர் வரும், நீங்க மண்டையைப் பிச்சுக்குவீங்க.

சர்வர் பேச்சு ஜேசான்லயே இருக்கட்டும். பெரிய ஐடியை மட்டும் ஸ்ட்ரிங்கா, அதாவது மேற்கோள் குறிக்குள்ள, அனுப்புங்க. 9007199254740993-னு அனுப்பினா ஜாவாஸ்கிரிப்ட் கடைசி இலக்கத்தை 2-னு படிக்கும். லாக் (புரோகிராம் என்ன பண்ணுச்சுன்னு பதிவு) எழுதுறதுன்னா வரிக்கு ஒரு ஜேசான். ஒரே பெரிய பட்டியலா வச்சா, நடுவுல புரோகிராம் நின்னுட்டா கடைசி அடைப்புக்குறி இல்லாம முழு ஃபைலும் படிக்காது.

செட்டிங்ஸை ஜேசானுக்கு மாத்தாதீங்க, அதுல கமெண்ட் எழுத முடியாது. 'இது ஏன் 30 செகண்ட்?'னு அடுத்த வருஷம் யாருக்கும் தெரியாது. யாமல்லயும் கவனம் வேணும்: வெர்ஷன் 3.10-னு மேற்கோள் இல்லாம எழுதினா 3.1 ஆயிடும். இடம் விடுறதுக்கு டேப் தட்டினா ஏத்துக்கவே ஏத்துக்காது. ரெண்டு அடுக்குக்கு மேல போகாத செட்டிங்ஸ்னா, என் கணக்குல டாமல் (TOML, 'பேர் = மதிப்பு'ன்னு எழுதுற வடிவம்) நிம்மதி.

டேக் போட்டு எழுதுற எக்ஸ்எம்எல்லா (XML)? எதிர்ப்பக்கம் கேட்டா மட்டும்.

கேள்வியில கடைசியா ஒரு வரி இருக்கு, ரெண்டு பேர் ஒரே நேரத்துல பட்டியலைத் திருத்துவாங்களாம். அப்படின்னா இந்த மூணுமே ஆகாது. ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தரோட சேவ் அழிச்சிடும். சர்வர் பக்கத்துல ஒரு எஸ்கியூலைட் (SQLite, ஒரே ஃபைல்ல இருக்குற சின்ன டேட்டாபேஸ்) வச்சுக்கங்க, கணக்கு பாக்குறவங்களுக்கு அதுலேர்ந்து சிஎஸ்வி எடுத்துக் கொடுங்க.