நூறு வருஷம் கழித்து வரும் சேதத்துக்கு இன்று என்ன விலை?

சரி, ரெக்கார்டிங் ஓடுகிறது. வணக்கம். இன்று பனிப்பாறை, புயல் எதுவும் கிடையாது, வெறும் கூட்டுவட்டிக் கணக்குதான், ஓடிவிடாதீர்கள்.

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த கரியமில வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது என்பது பழைய செய்தி. நாம் இன்று வெளியே விடுவதில் கணிசமான ஒரு பங்கு ஆயிரம் வருஷம் கழித்தும் காற்றிலேயே இருக்கும் என்பதைத்தான் அடிக்கடி மறந்துவிடுகிறோம். கடன் வாங்குவது நாம், கட்டப்போகிறவர் இன்னும் பிறக்கவே இல்லை. அப்படியானால் ஒரு டன் வாயுவால் வரும் நஷ்டம் இவ்வளவு என்று அரசாங்கம் எதை வைத்து விலை போடுகிறது?

அங்கேதான் டிஸ்கவுண்ட் ரேட் வருகிறது. நாளைக்கு வரும் பணத்துக்கு இன்றைக்கு மதிப்புக் குறைவு, அதே மாதிரி நாளைக்கு வரும் நஷ்டத்துக்கும் மதிப்பைக் குறைக்கிறார்கள், வருஷத்துக்கு இத்தனை சதவீதம் என்று. பின்னால் பலகையில் எழுதியிருக்கிறேன், வெளிச்சம் அடிக்கிறது, படித்தே சொல்லிவிடுகிறேன். நூறு வருஷம் கழித்து 100 கோடி டாலர் சேதம். 1.4 சதவீதம் வைத்தால் இன்றைய மதிப்பு சுமார் 25 கோடி. 4 சதவீதம் என்றால் 2 கோடி. 7 சதவீதம் வைத்துப் பாருங்கள், 11 லட்சத்துச் சொச்சம்! சேதம் அதேதான், எண் மட்டும்தான் மாறியது.

இந்த 1.4, பிரிட்டன் அரசுக்காகப் பொருளாதார நிபுணர் நிக்கோலஸ் ஸ்டெர்ன் 2006இல் கொடுத்த அறிக்கையில் இருப்பது. உடனே பெரிய நடவடிக்கை வேண்டும் என்று அவர் சொன்னதற்கு அந்தச் சின்ன எண் ஒரு முக்கியக் காரணம். வில்லியம் நார்தௌஸ், 2018இல் பொருளாதார நோபல் வாங்கினாரே அவர்தான், சந்தையில் முதலீடு தரும் வருமானத்தை ஒட்டித்தான் எண் இருக்க வேண்டும் என்றார், அது ஸ்டெர்ன் எண்ணைவிடப் பெரியது, அதனால் அவர் கணக்கில் நடவடிக்கையை மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக ஏற்றினால் போதும் என்று வந்தது. இருவரும் ஒரே அறிவியலைத்தான் நம்பினார்கள்.

அவர்கள் சண்டையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, வருங்கால மக்கள் நம்மைவிடப் பணக்காரர்களாக இருப்பார்கள், அவர்களுக்கு ஒரு டாலர் போனால் நமக்கு வலிக்கிற அளவு வலிக்காது என்பது. இதில் நியாயம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அது சராசரியை வைத்துப் பேசுகிற பேச்சு, வெள்ளத்தில் மூழ்குகிற ஆளுக்குச் சராசரி வருமானம் கைகொடுக்காது. இன்னொன்று வெறும் பொறுமையின்மை: பின்னால் பிறந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக அவர் வலியைக் குறைத்து எண்ணுவது. ஃபிராங்க் ராம்ஸி என்ற கேம்பிரிட்ஜ் கணிதக்காரர் 1928இலேயே, தன் 25ஆவது வயதில், இதற்கு அறநெறியில் இடமே இல்லை, இது கற்பனை வறட்சி என்கிற பொருளில் எழுதிவிட்டார். ஸ்டெர்ன் இந்தப் பகுதிக்கு 0.1 சதவீதம்தான் வைத்தார், அதுவும் மனித இனமே ஒருவேளை அழிந்துபோனால் என்ற கணக்குக்காக.

இதெல்லாம் வகுப்பறைச் சண்டை என்று நினைத்தால், அமெரிக்காவைப் பாருங்கள். ஒரு டன்னுக்கு 40 டாலரைச் சுற்றி இருந்த விலை, 2017இல் ட்ரம்ப் அரசு வந்த பிறகு ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. 7 சதவீதத்தையும் கணக்கில் சேர்த்தார்கள், அதோடு நாட்டுக்கு வெளியே நேரும் சேதத்தைக் கணக்கிலிருந்தே தூக்கிவிட்டார்கள். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் உறுத்தியது. காற்றுக்கு பாஸ்போர்ட் கிடையாதே! அப்புறம் 2023இல் அவர்களுடைய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2 சதவீதம் வைத்துப் போட்டபோது விலை 190 டாலர் ஆனது. 2025 ஜனவரியில் வந்த ஓர் உத்தரவு, அரசுத் துறைகளுக்காக இந்த விலையை நிர்ணயித்த குழுவையே கலைத்துவிட்டது.

என்னிடம் எண் கேட்டால் 2ஐ ஒட்டித்தான் சொல்வேன், வருங்கால மக்கள் பணக்காரர்களாக இருப்பார்கள் என்ற வளர்ச்சி வாதத்துக்காக மட்டும். பொறுமையின்மைக்கு பூஜ்யம். இனி ஏதாவது திட்ட அறிக்கையில் "பருவநிலைச் செலவு இவ்வளவுதான்" என்று பார்த்தால், நேராகப் பின்னிணைப்புக்குப் போய் அந்த டிஸ்கவுண்ட் ரேட் எத்தனை சதவீதம் என்று தேடுங்கள், பெரும்பாலும் பொடி எழுத்தில் இருக்கும்.