மொய் எழுத இரண்டு பேர்

(கடற்கரை ஊர்க் கல்லூரி ஒன்றில், மாணவர்களே நடத்தும் நிதி திரட்டும் குழுவின் புதிய பொறுப்பாளர்கள் முன் பேசியது. பேச்சை அதிகம் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.)

ஆசிரியர்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

வாசலில் ஃபிளெக்ஸைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். தலைவர், துணைத் தலைவர்கள், செயலாளர், இணைச் செயலாளர்கள், ஒருங்கிணைப்பாளர்கள் என்று வரிசையாகப் படங்கள். பொருளாளர் படம் மட்டும் ஓரத்தில், கொஞ்சம் சின்னதாக இருக்கிறது. இன்று நான் பேசப்போவது பெரும்பாலும் அந்த ஓரத்துப் படத்தைப் பற்றித்தான். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களிடமும் வருகிறேன்.

நம் பக்கத்துக் கல்யாண வீட்டில் மொய் எழுதும் மேசையைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் பணத்தை வாங்கி எண்ணுவார். இன்னொருவர் ஊர், பெயர், தொகை கேட்டு நோட்டில் ஏற்றுவார். எண்ணுகிறவர் தொகையைச் சத்தமாகச் சொல்லுவார், எழுதுகிறவர் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுதுவார். கொடுத்தவர் தன் பெயர் ஏறிவிட்டதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பந்திக்குப் போவார். அதில் யாருக்கும் வருத்தம் இல்லை. பெண்ணின் அப்பா அந்த மேசைப் பக்கமே வர மாட்டார். பணம் அவருக்குத்தான் சேரப்போகிறது, இருந்தாலும் வர மாட்டார். ராத்திரி நோட்டின் கூட்டுத்தொகையும் பையில் இருக்கும் பணமும் ஒத்துப்போன பிறகுதான் அந்த இரண்டு பேரும் எழுந்திருப்பார்கள்.

நான் இப்போது ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். பணத்தைத் தொடுகிற கையும் பதிவு எழுதுகிற கையும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். அதைப் பாடமாகப் படித்த அன்று எனக்கு மொய் மேசைதான் ஞாபகம் வந்தது. அதற்கு முன்னால் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அதைச் சொல்லத்தான் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. சரி, சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் ஆண்டு படித்தபோது எங்கள் கல்லூரியிலும் இப்படி ஒரு குழு இருந்தது. தலைவர் நான். ஒரு பள்ளிக்கூடப் பையனின் அறுவைச் சிகிச்சைக்காக மூன்று நாள் டப்பா ஏந்தினோம். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் என்று பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினோம். சாயங்காலம் எல்லா டப்பாவும் பொருளாளர் அறைக்குப் போகும். அவன் எண்ணுவான், அவனே ஒரு துண்டுச் சீட்டில் எழுதுவான், அவனே ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைப்பான். நடுவில் எங்களுக்கு டீ, பஸ் டிக்கெட் எல்லாம் அவன்தான் எடுப்பான். சில நேரம் அந்தப் பையிலிருந்து, சில நேரம் தன் சட்டைப் பையிலிருந்து. கடைசி நாள் கூட்டிப் பார்த்தால் சீட்டில் 18,640 ரூபாய், கையில் 17,300. 1,340 ரூபாய் குறைந்தது.

ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அதை நிரப்பிப் பையனின் அப்பாவிடம் கொடுத்துவிட்டோம். பணம் சரியாகிவிட்டது. பேச்சு நிற்கவில்லை. விடுதியில் ஆரம்பித்து ஊர் டீக்கடை வரை போனது. அவன் குழுவை விட்டான், அப்புறம் எங்களையும் விட்டான். அவன் எடுக்கவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் தெரியும் என்று சொல்வதைத் தவிர, ஊருக்குக் காட்ட என்னிடம் ஒரு தாள்கூட இல்லை. பிறகு நடந்த அவன் கல்யாணத்துக்கு எங்களில் ஒருவருக்கும் பத்திரிகை வரவில்லை.

அது அவன் செய்த தப்பு என்று பல வருடம் நினைத்திருந்தேன். தப்பு என்னுடையது. தனியாக ஒருவனிடம் டப்பாவையும் பேனாவையும் சேர்த்துக் கொடுத்தது தலைவரான நான். பொருளாளரைச் சந்தேகத்திலிருந்து காப்பாற்றி வைப்பதுதான் தலைவரின் முதல் வேலை. மேடையில் பேசுவது, மாலை வாங்குவது எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அதை எப்படிச் செய்வது? டப்பாக்களுக்கு எண் போடுங்கள். எந்த எண் யார் கையில் போனது என்று எழுதிவிட்டு, வாயை ஒட்டி, ஒட்டின இடத்தில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். திரும்பி வந்ததும் எல்லோர் முன்னாலும் உடையுங்கள். எண்ண ஒருவர், எழுத ஒருவர். மறுநாள் வங்கியில் கட்டிவிடுங்கள், ராத்திரி எந்தக் கட்டிலுக்கு அடியிலும் அது தூங்கக் கூடாது. டீச் செலவுக்கு முதலிலேயே உங்களுக்குள் தனியாகப் பணம் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், தலைவர் டப்பாவைத் தொடவே கூடாது. பெண்ணின் அப்பா மாதிரி தள்ளி நில்லுங்கள்.

இன்றைக்கு டப்பாவைவிட கியூஆர் கோடுதான் அதிகம். அது யாருடைய கியூஆர்? எங்கேயும் இதைத்தான் முதலில் கேட்பேன், பெரும்பாலும் தலையைச் சொறிவார்கள். தலைவரின் சொந்தக் கணக்கில் ஊர்ப் பணம் வந்து விழுந்தால், அவர் அம்மா அனுப்பிய விடுதிக் கட்டணமும் அதுவும் ஒரே பட்டியலில் கலந்து கிடக்கும். என் நண்பனின் சட்டைப் பையும் இதுவும் ஒன்றுதான், திரையில் தெரிகிறது என்பதுதான் வித்தியாசம். கல்லூரி வழியாகத் தனிக் கணக்குத் திறந்து, எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும் என்று வையுங்கள். தனிச் சங்கமாகவே பதிவு செய்ய நினைத்தால், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 இருக்கிறது. குறைந்தது 7 பேர் வேண்டும்.

கீழக்கரைப் பிள்ளைகள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். உங்களுக்குத் தனியாக ஒரு விஷயம். துபாயில் இருக்கும் அண்ணன், சிங்கப்பூரில் இருக்கும் சாச்சா, இவர்களிடம் கேட்டால் ஒரே வாரத்தில் பணம் வந்துவிடும் என்று நினைப்பீர்கள். வரும். ஆனால் அண்ணன் இந்தியக் குடிமகனாகவே இருந்து, தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. சாச்சா சிங்கப்பூர் குடியுரிமை வாங்கியிருந்தால் வரும். அந்தப் பணத்தை வாங்க 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி மத்திய அரசின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவு பெற்றவர்கள்கூட டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளையில் அதற்கென்று திறந்த கணக்கில்தான் வாங்க முடியும். ஒரே வீட்டில் இரண்டு பேர், இரண்டு சட்டம். செயலாளர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘வரிவிலக்கு ரசீது கிடைக்குமா’ என்று கடைக்காரர் கேட்டால், 80ஜி என்று சொல்லும் வருமான வரித் துறை அங்கீகாரம் இல்லாமல் ‘கிடைக்கும்’ என்று சொல்லிவிடாதீர்கள். அங்கீகாரம் இருந்தாலும், ரொக்கமாகக் கொடுத்தது 2,000 ரூபாய்க்கு மேல் போனால் அதற்கு விலக்கு இல்லை.

சட்டம் போதும், முகங்கள் வாடுகின்றன.

கரைவலை இழுப்பதைப் பார்க்காதவர் இங்கே இருக்க மாட்டீர்கள். ஒரு கயிற்றின் முனை கரையில் இருக்கும். வள்ளம் வலையை விட்டுக்கொண்டே அரைவட்டமாகப் போய், மறுமுனையைக் கொஞ்சம் தள்ளிக் கரையில் கொண்டுவந்து சேர்க்கும். இரண்டு பக்கமும் ஆட்கள் இழுப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் வேகமாக இழுத்தால் வலை கோணும், மடிக்குள் போக வேண்டிய மீன் வெளியே போகும். உங்கள் வேலையிலும் இரண்டு கயிறு இருக்கிறது. திரட்டுவது ஒன்று, கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒன்று. நான் பார்த்த மாணவர் குழுக்களில் அனேகமாக எல்லோரும் முதல் கயிற்றில்தான் நிற்கிறார்கள்.

நாங்களும் அப்படித்தான் நின்றோம். 2004 டிசம்பர் 26. சுனாமி அன்று நம் மாவட்டத்துக் கரையில் பெரும்பகுதிக்கு இலங்கை அணையாக நின்றது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். நாங்கள் தெருத்தெருவாகப் போய் உடுப்பு சேர்த்தோம். ஒரு லாரி நிறைந்தது. தொண்டி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது பெருமையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். போய்ப் பார்த்தால், எங்களுக்கு முன்னால் வந்த பழைய துணி சாலையோரத்தில் குவிந்து மழையில் நனைந்து கிடக்கிறது. எங்கள் லாரியிலும் கிழிந்த சட்டை, ஒற்றைக் கால் சாக்ஸ், யாரோ போட்ட ஒரு கம்பளிக் கோட்டு. நம் ஊரில் கோட்டு யாரிடம் இருந்தது என்பது இன்னும் எனக்குப் புரியவில்லை. ஒரு அம்மா வந்து பார்த்தார். “துணி வேணாம்ப்பா, சோறாக்க ஒரு குண்டான் இருந்தா குடு” என்றார். எங்களிடம் குண்டான் இல்லை. ஒரு லாரி நிறையக் கொண்டுபோயும் அந்த அம்மாவுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை.

முதல் நாளே இரண்டு பேர் வெறுங்கையோடு போய், ‘என்ன வேண்டும்’ என்று கேட்டு வந்திருந்தால் லாரியில் பாத்திரமும் அடுப்பும் போயிருக்கும். கேட்டு வருகிறவர் என்ற பதவி உங்கள் ஃபிளெக்ஸில் இல்லை. இணைச் செயலாளர்களில் ஒருவரை அதற்கு மாற்றுங்கள். பேச்சாளியாக இருப்பவரைப் போடாதீர்கள், காது கொடுக்கத் தெரிந்தவராகப் பாருங்கள். சின்னப்பாலத்தில் பாசி எடுக்கப் போகும் அக்காமார் வீட்டில் என்ன குறை என்பதை மேடையில் இருந்து கண்டுபிடிக்க முடியாது. அவர்கள் கடலிலிருந்து ஏறி, பாசியைக் காயப் போட்டுவிட்டு உட்காரும் நேரம் பார்த்துப் போக வேண்டும். போனவர் கையில் கேமரா இருக்கக் கூடாது. புருஷன் இலங்கைச் சிறையில் இருக்கிற வீட்டுக்கு அரிசி மூட்டையோடு போட்டோகிராபரையும் கூட்டிப்போன குழு ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். படத்திலும் அப்படித்தான் விழுந்தது, அதையும் வாட்ஸ்அப்பில் போட்டார்கள்.

நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களுக்கு ஒரே வார்த்தை. விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. அந்த நாட்களில் துறைமுகத் தெருவில் டப்பா ஏந்தாதீர்கள்.

மாணவர்களே நடத்தும் குழு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சொல்வார்கள். 1973இல் ஒரு தொடர் நடன நிகழ்ச்சியில் சுமார் 2,000 டாலர் திரட்டினார்கள். இப்போது புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்காக ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் திரட்டுகிறார்கள். தொகையை விடுங்கள், அது அவர்கள் நாட்டுப் பணக் கணக்கு. 1973இல் ஆடினவர்களுக்கு இன்று பேரன் பேத்தி இருக்கும். குழு மட்டும் கைமாறிக் கைமாறி நிற்கிறது.

நீங்கள் மூன்று வருடத்தில் போய்விடுவீர்கள். ஊர் இங்கேயேதான் இருக்கும், ஊருக்கு ஞாபகமும் இருக்கும். ஐந்து வருடத்துக்கு முன்னால் பத்து ரூபாய் போட்ட பாம்பன் கடைக்காரர், அடுத்து டப்பாவோடு வரும் பிள்ளையிடம், ‘போன தடவை வந்தவர்கள் கணக்குக் காட்டினார்களா’ என்று கேட்பார். அந்தப் பிள்ளை உங்களைப் பார்த்தே இருக்காது, ஆனாலும் பதில் சொல்ல வேண்டும். அதனால் பிப்ரவரியிலேயே அடுத்த ஆண்டுப் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். ஒரு மாதம் பழையவரும் புதியவரும் சேர்ந்தே எண்ணட்டும், சேர்ந்தே வங்கிக்குப் போகட்டும். கையெழுத்து மாற்றும் படிவம் கொடுத்த பிறகு பிரிவு உபசார விழா வைத்துக்கொள்ளலாம். பரீட்சை முடிந்து பெட்டி கட்டும் நாளில் சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பஸ் ஏறினால், புதியவர் கையில் வெறும் சாவிதான் இருக்கும்.

வரும்போது ராமநாதபுரத்தில் ஒரு கடையில் கணக்கு நோட்டு ஒன்று வாங்கினேன். 200 பக்கம், கெட்டி அட்டை. முதல் பக்கத்தில் என் பெயரில் 500 ரூபாய் எழுத வேண்டும், பணமும் கொண்டுவந்திருக்கிறேன். டீ குடித்த பிறகு பொருளாளர் மேடைப் பக்கம் வரட்டும். கூட எண்ணுகிறவரும் வர வேண்டும். தனியாக வந்தால் நோட்டும் தர மாட்டேன், பணமும் தர மாட்டேன்.