ஓடை வளைந்த வழியில் ஒரு கடைத்தெரு

வணக்கம்.

லண்டனில் ஆக்ஸ்போர்டு தெரு என்றாலே கூட்டம்தான். இரண்டு பக்கமும் மாடி மாடியாகக் கடைகள், நடுவில் வரிசை கட்டி நிற்கும் சிவப்புப் பேருந்துகள். நடைபாதையில் யார் தோளிலும் இடிக்காமல் பத்தடி நடந்துவிட்டால் பெரிய விஷயம். அந்தத் தெருவில், பாண்ட் ஸ்ட்ரீட் சுரங்க ரயில் நிலையத்தை ஒட்டி, வடக்குப் பக்கமாக ஒரு சந்து பிரிகிறது. மேரிலபோன் லேன் என்று பெயர். அதைக் கவனிக்காமல் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். நானும் முதல் இரண்டு பயணங்களில் அப்படித்தான் தாண்டிப் போனேன். மூன்றாவது முறை மழைக்கு ஒதுங்க அதற்குள் நுழைந்தேன். அதற்குப் பிறகு எப்போது லண்டன் போனாலும் முதல் நாள் மாலை அங்கேதான்.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். எழுத்துக் கூட்டிப் படித்தால் மேரிலபோன். அந்த ஊர்க்காரர்களில் பலர் கடைசி எழுத்துகளை விழுங்கி ‘மேரிலபன்’ என்பார்கள். லண்டன்காரர்களே ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் பெயர் அது. அதனால் நீங்கள் எப்படிச் சொன்னாலும் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சந்துக்குள் கொஞ்ச தூரம் நடந்தாலே ஒன்று புரியும். இது நேராகப் போகவில்லை. இடது பக்கம் சாய்கிறது, வலது பக்கம் திரும்புகிறது, மறுபடி சாய்கிறது. சுற்றியுள்ள ஹார்லி தெரு, விம்போல் தெரு, வெல்பெக் தெரு எல்லாம் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக ஓடுகின்றன. அவற்றின் நடுவில் இது ஒன்று மட்டும் பாம்புபோல் போகிறது. ஏன்?

அங்கே ஓர் ஓடை இருந்தது. டைபர்ன் என்று பெயர். வடக்கே ஹாம்ஸ்டெட் மேட்டில் பிறந்து, இப்போது ரீஜன்ட்ஸ் பூங்கா இருக்கும் இடம் வழியாகத் தெற்கே இறங்கி வந்த ஓடை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் லண்டன் நகருக்குக் குழாய் வழியாகக் குடிநீர் போனதே இந்த டைபர்ன் பக்கத்து ஊற்றுகளில் இருந்துதான். ஓடை எப்படி வளைந்ததோ அப்படி அதன் கரையில் பாதை வளைந்தது. பாதை ஓரத்தில் வீடுகள் வந்தன. பிறகு ஓடையை மூடிவிட்டார்கள். இன்றைக்கு அது பூமிக்கு அடியில் சாக்கடைக் குழாயாக ஓடுகிறது. ஆனால் வளைவு அப்படியே நின்றுவிட்டது. நான் முதல் நாள் மழையில் நின்றது ஒரு பழைய ஓடையின் கரையில் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்த பிறகு அந்தச் சந்தில் நடப்பதே வேறு மாதிரி ஆகிவிட்டது. காலடியில் ஒரு நீர்ப்பாதை இருக்கிறது என்ற நினைப்பு கூடவே வரும்.

ஊரின் பெயரும் அந்த ஓடையில் இருந்து வந்ததுதான். முதலில் கோயில், அதாவது தேவாலயம், இப்போதைய ஆக்ஸ்போர்டு தெரு ஓரத்தில் தனியாக நின்றது. நெடுஞ்சாலை ஓரம், பக்கத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. திருடர்கள் புகுந்து பொருள்களை எடுத்துப்போனார்கள். அதனால் 1400-இல் கொஞ்சம் வடக்கே தள்ளி, ஓடைக்கரையில் புதிய தேவாலயம் கட்ட அனுமதி கிடைத்தது. அதை மரியாளுக்கு அர்ப்பணித்தார்கள். பழைய ஆங்கிலத்தில் ஓடைக்கு ‘பர்ன்’, ‘போர்ன்’ என்று சொல்வார்கள். ஓடைக்கரை மரியாள் என்பதுதான் தேய்ந்து தேய்ந்து மேரிலபோன் ஆனது. அந்தத் தேவாலயத்தைச் சுற்றி அமைந்த கிராமத்தின் தெருதான் இன்றைய மேரிலபோன் ஹை ஸ்ட்ரீட். நான் சொன்ன சந்து போய்ச் சேர்வதும் அங்கேதான். இங்கிலாந்தில் ஊரின் முதன்மைக் கடைத்தெருவுக்கு ஹை ஸ்ட்ரீட் என்றுதான் பொதுப்பெயர்.

அந்தக் காலத்தில் லண்டன்காரர்களுக்கு இது வயல்வெளி தாண்டிப் போய் வரும் ஊர். 1668-இல் நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பீப்ஸ் இங்கிருந்த தோட்டத்துக்கு வந்து, அழகான இடம் என்று குறித்து வைத்திருக்கிறார். பின்னால் அந்தத் தோட்டம் கட்டணம் வாங்கிக்கொண்டு இசையும் வாணவேடிக்கையும் நடத்தும் கேளிக்கைப் பூங்காவாக வளர்ந்தது. இசையமைப்பாளர் ஹாண்டலின் இசை அங்கே ஒலித்தது. 1770-களில் அதை மூடினார்கள், மேலே தெருக்கள் எழுந்தன.

சரி, நகரம் வந்து மூடிய பிறகும் ஒரு கிராமம் எப்படி மிஞ்சியது? இதைத்தான் நான் இன்று உங்களோடு பேச வந்தேன்.

ஒரு காரணம் சாலை. 1750-களில் ஸ்மித்ஃபீல்டு சந்தைக்கு ஆடுமாடுகளை ஓட்டிப்போக வடக்கே ஒரு புதிய சாலை போட்டார்கள். இன்றைய மேரிலபோன் ரோடு அதுதான். ஆறு வரிசையாக வண்டிகள் பறக்கும் அந்தச் சாலை ஹை ஸ்ட்ரீட்டின் வடக்கு முனையை மட்டும் தொட்டுக்கொண்டு போய்விடுகிறது. தெற்கே ஆக்ஸ்போர்டு தெரு. ஊருக்கு ஊர் போகும் வண்டிகள் இந்த இரண்டிலும் போய்விட, நடுவில் இருந்த கிராமத்துத் தெரு தப்பித்தது. அதைக் குறுக்கே வெட்டி எந்தப் பெருஞ்சாலையும் போகவில்லை. நடந்து போகிறவருக்கு இது எவ்வளவு பெரிய கொடை என்பது, எதிர்ச்சாரிக் கடைக்குக் கவலை இல்லாமல் கடந்து போகும்போது தெரியும்.

இன்னொரு காரணம் நிலம் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் ஹாலிஸ் என்ற பிரபு இந்தக் கிராமத்தையும் சுற்றியுள்ள நிலத்தையும் வாங்கினார். அவருக்குப் பின் மகள் ஹென்ரியேட்டாவுக்கு வந்தது. அவர் எட்வர்டு ஹார்லியை மணந்தார். ஹென்ரியேட்டா, ஹாலிஸ், ஹார்லி, கேவண்டிஷ், விம்போல், வெல்பெக் என்று அந்தக் குடும்பத்தாரின் பெயரும் அவர்களுடைய மாளிகைகளின் பெயரும்தான் இன்றும் தெருப்பலகைகளில் இருக்கின்றன. ஒரு குடும்ப வரலாற்றைத் தெருத்தெருவாகப் படித்துக்கொண்டே நடக்கலாம். பின்னால் அந்தக் குடும்ப வழியில் நிலம் போர்ட்லண்டு பிரபுக்களிடம் இருந்தது. 1879-இல் அந்தக் கால போர்ட்லண்டு பிரபு இறந்ததும் நிலம் அவருடைய சகோதரி லூசிக்கு வந்தது. அவர் ஹோவர்ட் டி வால்டன் பிரபுவின் விதவை. இன்றும் ஹோவர்ட் டி வால்டன் எஸ்டேட் என்ற பெயரில் சுமார் 92 ஏக்கர் அந்தக் குடும்பத்திடம்தான் இருக்கிறது. ஹை ஸ்ட்ரீட் கடைகளில் பெரும்பகுதி அவர்களுடையது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், 1990-களில் இந்தத் தெரு கிட்டத்தட்டச் செத்துப்போயிருந்தது. பல கடைகள் பூட்டிக் கிடந்தன. சிலவற்றைத் தற்காலிகமாக அறக்கட்டளைகளின் பழைய துணிக் கடைகளுக்குக் கொடுத்திருந்தார்கள். அப்போது எஸ்டேட் ஒரு முடிவு எடுத்தது. யார் அதிக வாடகை தருகிறார்களோ அவர்களுக்குக் கடையைக் கொடுப்பதில்லை, தெருவுக்கு எது வேண்டுமோ அதற்குக் கொடுப்பது. ஆட்கள் வந்து போக வெயிட்ரோஸ் பலசரக்குக் கடையையும், கான்ரன் என்ற வீட்டுப்பொருள் கடையையும் கொண்டுவந்தார்கள். நடுவில் உள்ள சின்னச் சின்ன இடங்களுக்கு ரொட்டி சுடுகிறவர், இறைச்சி வெட்டுகிறவர், பாலாடைக்கட்டி விற்கிறவர் என்று தேடித் தேடி ஆள் பிடித்தார்கள்.

இதில் இருக்கும் கணக்கைப் பாருங்கள். ஒரு தெருவில் ஐம்பது கடைக்கு ஐம்பது சொந்தக்காரர்கள் இருந்தால், ஒவ்வொருவரும் தன் கடைக்கு வரும் வாடகையைத்தான் பார்ப்பார்கள். மீன் கடைக்காரர் தருவதைவிட கைப்பேசிக் கடைக்காரர் கூடுதலாகத் தந்தால் மீன் கடை போய்விடும். யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் தெரு முழுக்க ஒருவருடையது என்றால், மீன் கடையில் குறையும் வாடகை மேல்மாடி வீட்டு வாடகையிலும் பக்கத்துத் தெரு அலுவலக வாடகையிலும் திரும்பி வரும். நல்ல கடைத்தெரு பக்கத்தில் இருந்தால் அங்கே குடியிருக்க ஆள் போட்டி போடுவார்கள் இல்லையா? பொறுமையாக இருப்பது அந்தச் சொந்தக்காரருக்கும் லாபம்தான்.

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஒரே கையில் இருப்பதால் காப்பாற்றப்பட்ட கிராமம், அந்தக் கையின் விருப்பத்தை நம்பித்தான் இருக்கிறது. தெரு அழகானதும் வீட்டு வாடகை எங்கேயோ போய்விட்டது. காலையில் கடையைத் திறந்து வைத்து, வருகிறவர்களை முகம் பார்த்து விசாரிக்கிறாரே, அந்தப் பெண்ணால் பெரும்பாலும் அந்தத் தெருவில் குடியிருக்க முடியாது. சுரங்க ரயிலில் வெகுதூரம் போக வேண்டும். கிராமம் என்றால் அங்கே வேலை செய்கிறவரும் அங்கேயே வாழ வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அந்த வகையில் மேரிலபோன் பாதிக் கிராமம்தான். அந்தப் பாதியையாவது விட்டுவிடாமல் வைத்திருக்கிறார்களே என்று அங்கே போகும்போதெல்லாம் நன்றியும் வரும்.

இனி நடப்போம். ஹை ஸ்ட்ரீட்டை ஒரு முனையில் இருந்து மறுமுனைக்குப் பத்து நிமிடத்தில் கடந்துவிடலாம். எனக்கு எப்போதும் மூன்று மணி நேரம் ஆகிறது. அதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்வது டான்ட் புத்தகக் கடை. 1990-இல் ஜேம்ஸ் டான்ட் தொடங்கியது. கட்டடம் அதைவிடப் பழையது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புத்தகக் கடைக்காகவே கட்டியது. உள்ளே நீளமான கூடம், இரண்டு பக்கமும் ஓக் மர மாடி, கூரையில் கண்ணாடி, கடைசியில் வளைவாக ஒரு பெரிய வண்ணச் சன்னல். அந்தக் கூடத்தில் புத்தகங்களை நாடு வாரியாக அடுக்கியிருப்பார்கள். ஒரு நாட்டின் அலமாரியில் பயண வழிகாட்டி, வரலாறு, நாவல், கவிதை, சமையல் புத்தகம் எல்லாம் தோளோடு தோள் சேர்த்து நிற்கும். வரைபடம் வாங்கப் போனவர் கவிதையோடு வெளியே வருவார். நான் வந்திருக்கிறேன். ஒரு நாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள எது முதலில் வேண்டும் என்று அந்த அலமாரி உங்களுக்குச் சொல்வதில்லை, நீங்களே கை நீட்டி எடுக்க வேண்டும். இணையத்தில் தேடி வாங்கும்போது இது நடக்காது, ஏனென்றால் அங்கே கேட்டதுதான் வரும்.

ஞாயிற்றுக்கிழமை போக முடிந்தால் ஹை ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் கூடும் உழவர் சந்தைக்குப் போங்கள். லண்டனைச் சுற்றி எம்25 என்ற வட்டச் சாலை இருக்கிறது. அதில் இருந்து நூறு மைலுக்குள் விளைந்ததைத்தான் அங்கே விற்கலாம், அதையும் விளைவித்தவர்களே கொண்டுவர வேண்டும் என்பது விதி. காலையில் தொடங்கி மதியத்துக்குள் முடிந்துவிடும்.

அப்புறம் அந்த வளைந்த சந்து. ஹை ஸ்ட்ரீட்டைவிட எனக்கு அதுதான் நெருக்கம். பால் ராத் அண்ட் சன் என்று ஒரு சின்ன உணவுக் கடை, 1900-இல் இருந்து ஒரே குடும்பம் நடத்துகிறது. ஜன்னலில் ஜாம் புட்டிகள், உள்ளே வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு சாண்ட்விச் செய்து தருவார்கள். கொஞ்சம் தள்ளி ரிப்பனும் லேஸும் இறகும் மட்டுமே விற்கும் கடை ஒன்று. வண்ண வண்ணமாகச் சுருள் சுருளாகத் தொங்கும். இன்னும் தள்ளி, 1914-இல் இருந்து மீனும் உருளைக்கிழங்கும் பொரித்துத் தரும் கோல்டன் ஹைண்ட். கடைகளின் முகப்பு எல்லாம் குறுகல். அதுதான் அந்தச் சந்தின் உயிர் என்று நினைக்கிறேன். இருபது அடி வைப்பதற்குள் மூன்று கதவு, மூன்று சன்னல், மூன்று முகம். ஆக்ஸ்போர்டு தெருவில் அதே தூரம் நடந்தாலும் ஒரே கடையின் கண்ணாடிதான் கூட வரும். நடந்த களைப்பு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆனால் ஒன்றில் பார்த்தது ஏராளம், மற்றதில் ஒன்றுமில்லை.

நேரம் இருந்தால் ஹை ஸ்ட்ரீட்டுக்கு மேற்கே மான்செஸ்டர் சதுக்கத்தில் வாலஸ் ஓவியச் சேகரிப்பு இருக்கிறது. 1900-இல் இருந்து பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது, கட்டணம் இல்லை. அதற்கு ஒரு தனிநாள் வேண்டும்.

ஆனால் ஓர் இடத்தை விட்டுவிடாதீர்கள். ஹை ஸ்ட்ரீட்டின் வடக்குப் பக்கம் ஒரு சின்னத் தோட்டம், நாலைந்து பெஞ்சு. பலர் அதைச் சாதாரணப் பூங்கா என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். ஓடைக்கரைத் தேவாலயம் நின்ற இடம் அதுதான். 1817-இல் பெரிய சாலை ஓரத்தில் புதிய தேவாலயம் வந்தது. பழையது போரில் சேதமாகி 1949-இல் இடிக்கப்பட்டது. கவிஞர் பைரனுக்கு ஞானஸ்நானம் செய்தது இந்தப் பழைய தேவாலயத்தில்தான். ஆயிரக்கணக்கில் கீர்த்தனைகள் எழுதிய சார்லஸ் வெஸ்லி 1788-இல் இங்கே அடக்கம் ஆனார். அவருடைய அண்ணன் ஜான், தான் அடக்கம் ஆகப்போகும் இடத்திலேயே தம்பியும் இருக்க வேண்டும் என்று விரும்பினார். சார்லஸ் சம்மதிக்கவில்லை. தன் பகுதித் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவருக்கு அங்கே ஒரு கல்தூண் இருக்கிறது. மதிய நேரத்தில் பக்கத்து அலுவலகங்களில் வேலை செய்கிறவர்கள் அந்தத் தூணைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நானும் பால் ராத் கடைப் பொட்டலத்தைப் பிரித்து அங்கே உட்கார்ந்திருக்கிறேன். பெஞ்சில் பக்கத்தில் இருந்த ஒரு முதியவர், புறாவுக்குப் போடாதீர்கள், நாளைக்கு நிறைய வரும் என்றார். தன் வீட்டு முற்றத்தைப் பற்றிச் சொல்வதுபோல் இருந்தது அவர் குரல்.

திரும்பும்போதும் சந்து வழியாகவே வாருங்கள். இருட்டிய பிறகு வந்தால் கோல்டன் ஈகிள் மதுக்கடையில் சில நாள்கள் பியானோ வாசிப்பார்கள், உள்ளே இருப்பவர்கள் எல்லாம் சேர்ந்து பாடுவார்கள், சத்தம் தெருவுக்கு வரும். அதைத் தாண்டினால் மறுபடி அமைதி. ஓடை திரும்பிய இடத்தில் நீங்களும் திரும்புவீர்கள், அடுத்த வளைவிலும் திரும்புவீர்கள். கடைசி வளைவைத் தாண்டும்வரை ஆக்ஸ்போர்டு தெருவின் பேருந்துச் சத்தம் காதில் விழாது.

நன்றி, வணக்கம்.