பம்பிங் 60%: இது மதிப்பெண் அன்று

வணக்கம். காப்பி டம்ளர் வழக்கமான இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் கரும்பலகைக்கு முன்னால் ஆட்டோ ஹார்னின் கறுப்பு ரப்பர் பந்து ஒன்றும் இருப்பதைக் கண்டு, இந்தக் கணக்கு டீச்சருக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். கோபம்தான் ஆயிற்று. பின்னத்தைப் பார்த்தவுடன் பகுதி எங்கே என்று கேள் என்று 31 ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த என் வீட்டிலேயே, பகுதியைப் பார்க்காமல் ஒரு பின்னத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

சென்ற வாரம் என் கணவருக்கு எக்கோ, அதாவது மீயொலியால் இதயத்தைப் பார்க்கும் சோதனை, எடுத்தார்கள். அறிக்கையின் கடைசியில், "எல்வி சிஸ்டாலிக் ஃபங்ஷன் நார்மல், எல்விஇஎஃப் 60%" என்று அச்சிட்டிருந்தது. நம் ஊர்ப் பேச்சில் இதற்குப் பெயர் பம்பிங். உடனே என் தம்பி தொலைபேசியில் அழைத்து, "மாமாவுக்கு அறுபதுதானா அக்கா? எனக்கு அறுபத்தைந்து" என்றான். மறுநாள் காலை திருச்சி ஜி கார்னர் மைதானத்தில் உடன் நடக்கும் நண்பர்களிடம் இவர் விசாரிக்க, ஒருவர் 62 என்றும், மற்றொருவர் 68 என்றும் சொல்லியிருக்கிறார்கள். "நூற்றில் நாற்பது போய்விட்டதே" என்று சொல்லிக்கொண்டே இவர் வீடு திரும்பினார்.

நூற்றில் எதுவும் போகவில்லை. எல்விஇஎஃப் என்ற எழுத்துகளின் விரிவு, இடது வெண்ட்ரிக்கிளின் எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் என்பதாகும்; தமிழில் வெளியேற்றப் பின்னம் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். இதயத்தின் இடது கீழறை முழுவதுமாக நிரம்பியிருக்கும் நேரத்தில் அதில் எவ்வளவு இரத்தம் இருக்கிறதோ அது பகுதி. ஒரு துடிப்பில் அதிலிருந்து எவ்வளவு வெளியே தள்ளப்படுகிறதோ அது தொகுதி. 120 மில்லிலிட்டர் நிரம்பி, 70 வெளியேறி, 50 உள்ளேயே தங்கினால், 70-ஐ 120-ஆல் வகுத்து ஏறத்தாழ 58 விழுக்காடு என்று எழுதுவார்கள். நல்ல ஆரோக்கியமான இதயமும் ஒரு துடிப்பில் தன்னை முழுவதும் காலி செய்வதில்லை என்பதால், இந்தக் கணக்கில் நூற்றுக்கு நூறு எடுக்க யாராலும் முடியாது. எக்கோவுக்கான 2015-ஆம் ஆண்டுப் பரிந்துரைகளில் இயல்பு எல்லை ஆண்களுக்கு 52 முதல் 72 வரை, பெண்களுக்கு 54 முதல் 74 வரை என்று கொடுக்கப்பட்டுள்ளது. அந்த எல்லைக்குள் 60, 65, 68 என்று தரவரிசை போடுவதற்கு எந்த அர்த்தமும் இல்லை.

இதைக் கண்ணால் காட்டத்தான் பந்து. பாலக்கரையில் பழைய வாகன உதிரிப் பாகங்கள் விற்கும் கடையில் 180 ரூபாய் சொன்னார். நான் 100 என்றேன். அவர் 160 என்றார். நான் இரண்டு கடை தள்ளி நடந்துபோய்த் திரும்பி வந்து 140-க்கு முடித்தேன். நான் முன்பு போட்ட வடகம் காணொளியில் பேரம் பேசத் தெரியாதவள் என்று என்னைக் கேலி செய்தவர்கள் இந்த 40 ரூபாயைக் குறித்துக்கொள்ளவும். சொல்ல மறந்துவிட்டேன், பித்தளைக் குழலும் ஊதலும் இல்லாத வெறும் பந்துதான் அந்த விலை; அவற்றோடு சேர்த்து வாங்கினால் 350 என்றார், அதை நான் காதில் வாங்கவே இல்லை. பந்தை இப்போது தண்ணீரால் நிரப்பியிருக்கிறேன். 300 மில்லிலிட்டர் பிடிக்கிறது. ஒரு கையால் ஒரே அழுத்து. அளவுக் குவளையில் விழுந்தது 180. இதுவும் 60 விழுக்காடுதான். நான் கஞ்சத்தனமாக அழுத்தவில்லை; இன்னும் இறுக்கினால் என் கைதான் வலிக்கிறது.

இனி, இந்தக் காணொளியை எடுக்கவைத்த கணக்குக்கு வருகிறேன். ஒருவருடைய இதயம் வீங்கி விரிந்து, இடது கீழறையில் 200 மில்லிலிட்டர் நிரம்புகிறது, ஒவ்வொரு துடிப்பிலும் 70 வெளியேறுகிறது என்று வையுங்கள். உடம்புக்குக் கிடைப்பது முன்பு சொன்ன அதே 70; பின்னம் மட்டும் 35 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது, ஏனென்றால் பகுதி பெருத்துவிட்டது. இன்னொருவருக்கு இதயச் சுவர் தடித்து, உள்ளிடம் சுருங்கி, 80 மட்டுமே நிரம்பி 60 வெளியேறுகிறது என்று வையுங்கள். விழுக்காடு 75, மைதானத்து நண்பர்கள் கைகொடுத்திருப்பார்கள். ஆனால் உடம்புக்குப் போவது 70-க்குக் குறைவான 60. தொகுதி குறைந்திருக்கும்போதே பின்னம் கூடியிருக்கிறது என்பதை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் கரும்பலகையில் காட்டினால் புரிந்துகொள்ளும். ஓய்வுபெற்ற பெரியவர்களுக்கு ரப்பர் பந்து வேண்டியிருக்கிறது.

ஆகவே பம்பிங் நார்மல் என்றால் இதயத்தில் ஒரு குறையும் இல்லை என்றும் ஆகிவிடாது. இதயம் நன்றாகச் சுருங்கினாலும், தளர்ந்து நிரம்ப மறுத்தால், மூச்சிரைப்பும் கால்வீக்கமும் வரலாம். பின்னம் 50 அல்லது அதற்கு மேல் இருந்தும் இதயச் செயலிழப்பு என்று மருத்துவர்கள் சொல்லும் வகை இதுதான், இந்த நோயாளிகள் விரல்விட்டு எண்ணும் அளவினர் அல்லர். 40-க்குள் இருந்தால் குறைந்த பின்னம் என்றும், 41 முதல் 49 வரை இடைப்பட்டது என்றும் பிரித்து வைத்திருக்கிறார்கள், மருந்தும் அதற்கேற்ப மாறுகிறது. இரத்தக் குழாயில் அடைப்பு இருப்பவருக்குக்கூட ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுத்த எக்கோவில் 60 வரக்கூடும். செயலிழப்பு என்ற சொல்லும் எனக்குப் பிடிக்கவில்லை. இதயம் நின்றேபோய்விட்டது என்று கேட்பவர் நினைக்கிறார், உண்மையில் அது தேவைக்கு ஈடுகொடுக்கத் திணறுகிறது என்பதே பொருள்.

எதற்காக எக்கோ எடுத்தோம் என்பதையே சொல்லாமல் வந்துவிட்டேன். குடலிறக்க அறுவைக்கு முன், இரத்த அழுத்தம் இருப்பவர் என்பதால், மயக்க மருந்து கொடுப்பவர் கேட்டார். வேறு காரணம் இல்லை. அந்த அறிக்கையில் "நோ வெஜிடேஷன்" என்றும் ஒரு வரி இருந்தது. ஆயுள் முழுவதும் சைவம் சாப்பிட்ட மனிதர் அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். இதய வால்வுகளில் கிருமித் தொற்றால் வளரும் திட்டுகளுக்கு அந்தப் பெயர். இல்லை என்று எழுதியிருப்பது நல்ல சேதி.

எக்கோ என்றால் இவருக்கு ஒரு சொந்தம் உண்டு. பொன்மலை ரயில்வே பணிமனையில் சக்கர அச்சுகளுக்குள் விரிசல் இருக்கிறதா என்று மீயொலி அனுப்பிச் சோதிப்பதைப் பார்த்தே வேலைக்காலத்தைக் கழித்தவர். சுவீடனின் லுண்ட் நகரில் 1953-இல் இங்கெ எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் மீயொலியால் இதயத்தின் அசைவை முதன்முதலில் பதிவுசெய்தார்கள்; அதற்கு முன் தொடக்கத்தில் சோதித்துப் பார்த்த கருவி, மால்மோ கப்பல் கட்டும் தளத்தில் உலோகக் குறைகளைக் கண்டுபிடிக்க வைத்திருந்ததை இரவல் வாங்கியதுதான். இதை நான் சொன்ன பிறகுதான் இவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

இப்போது என்னுடைய இரண்டாவது கோபம். அறிக்கையில் "சிம்ப்சன் முறை" என்று போட்டிருந்தார்கள். இரண்டு கோணங்களில் இடது கீழறையின் உள்விளிம்பை வரைந்து, வாழைத்தண்டை வட்டம் வட்டமாக நறுக்குவதுபோல் 20 வில்லைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் கன அளவையும் கூட்டுகிறார்கள்; அருமையான வழி, குறை சொல்வதற்கில்லை. ஆனால் தாமஸ் சிம்ப்சன் பெயரில் நாம் படிப்பது பரவளைவுகளைப் பொருத்தி, 1, 4, 2, 4, 1 என்று எடை கொடுத்துக் கூட்டும் விதி. வில்லைகளை அப்படியே கூட்டுவது அந்த விதியே அன்று. வில்லை முறை என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? சில நேரம் அனுபவமுள்ள மருத்துவர் கண்ணால் பார்த்தே மதிப்பிட்டு 60 என்று எழுதிவிடுவதும் உண்டு. ஆள் மாறினாலோ கருவி மாறினாலோ ஐந்து புள்ளிகள் ஏறி இறங்குவது சாதாரணம் என்பதால், சென்ற ஆண்டு 62, இந்த ஆண்டு 58 என்றால் இதயம் தேய்ந்துவிட்டது என்று யாரும் முடிவுகட்டக் கூடாது.

ஓர் எச்சரிக்கை மட்டும் இருக்கிறது. விரிந்த இதயம் உள்ளவர்களில் சிலருக்கு மருந்துகளால் பின்னம் 50-ஐத் தாண்டிவிடும். உடனே மாத்திரை எதற்கு என்று தோன்றும். அப்படித் தேறியவர்களுக்கு மருந்தைப் படிப்படியாக நிறுத்திப் பார்த்த பிரிட்டன் ஆய்வு ஒன்று 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நிறுத்தியவர்கள் 25 பேரில் 11 பேருக்கு ஆறே மாதத்தில் நோய் திரும்பிவிட்டது. இந்தப் பின்னத்துக்குப் பகுதியும் தொகுதியும் உங்கள் கண்முன்னே இருக்கின்றன.

கடைசியாக என் வெற்றியைச் சொல்லிவிடுகிறேன். 60 ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்த பிளாஸ்டிக் கோப்பில், படங்களுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டாம் பக்கத்தில், சிறிய எழுத்தில் இரண்டு அளவுகள் இருந்தன: நிரம்பியபோது 98 மில்லிலிட்டர், சுருங்கியபின் 39. கழித்தால் 59, வகுத்தால் 60.2 விழுக்காடு. கணக்கு சரியாக இருக்கிறது, விடைத்தாளைத் திருத்துவதுபோல் ஓரத்தில் சிவப்பு மையால் சரி போட்டேன், இவரும் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். தம்பியைக் கூப்பிட்டு உன் 65-க்குப் பகுதி என்ன என்று கேட்டேன். முதல் பக்கம் மட்டும்தான் கையில் இருக்கிறதாம், இரண்டாம் பக்கத்தை அலமாரியில் தேடிக்கொண்டிருக்கிறான்.