கோடரி விழுந்த தோட்டம்

நடுவர் அவர்களுக்கும் எதிரணி நண்பர்களுக்கும் அவையோருக்கும் என் வணக்கம்.

"1905ஆம் ஆண்டுப் புரட்சிக்கு முந்தைய ரஷ்யச் சமுதாயத்தை ஆழமாகக் காட்டியது கார்க்கியின் 'அடிமட்டத்தில்' நாடகமா, செகாவின் 'செர்ரித் தோட்டம்' நாடகமா?" என்ற தலைப்பில், செர்ரித் தோட்டமே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் இரண்டு குற்றச்சாட்டுகளை வைத்துச் சென்றார். நொடித்துப்போன பண்ணையார்களுக்காகச் செகாவ் ஒப்பாரி வைத்தார் என்பது ஒன்று; கார்க்கி காட்டிய மலிவுத் தங்கும் விடுதிகளில் முடங்கிக் கிடந்த ஏழைகள் அவர் கண்ணில் படவே இல்லை என்பது மற்றொன்று.

கார்க்கியைக் குறைத்துப் பேசி என் கட்சியை உயர்த்த வேண்டிய தேவை எனக்கு இல்லை. நம்மில் பலரைப் போலவே நானும் அவருடைய 'தாய்' நாவல் வழியாகத்தான் ரஷ்ய இலக்கியத்துக்குள் நுழைந்தேன். அந்த இருவரும் எதிரெதிர் அணியில் நின்றவர்களும் அல்லர். 1902இல் கார்க்கி அறிவியல் கழகத்தின் கௌரவ உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அவர் போலீஸ் கண்காணிப்பில் இருப்பவர் என்பதற்காக அந்தத் தேர்வு ரத்து செய்யப்பட்டபோது, தம் உறுப்பினர் பதவியைத் துறந்து வெளியேறிய இருவரில் ஒருவர் செகாவ், மற்றவர் எழுத்தாளர் கரலேன்கோ. இரண்டு நாடகங்களும் மாஸ்கோ கலை அரங்கின் மேடையில்தான் ஏறின: கார்க்கியுடையது 1902 டிசம்பரில், செகாவுடையது 1904 ஜனவரியில். முன்னதில் சாட்டின் என்ற நாடோடியாக நின்று மனிதனின் பெருமையை முழங்கிய, அந்த அரங்கின் இயக்குநரும் நடிகருமான ஸ்தனிஸ்லாவ்ஸ்கியே, 13 மாதங்கள் கழித்து, பேச்சுக்குக் குறைவில்லாத, செயலுக்கு வழியற்ற பண்ணையார் காயேவாக நடித்தார்.

முதல் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். பண்ணையார்களுக்காக அழுதார் என்கிறீர்களே, அழுதவர் யார் வீட்டுப் பேரன் என்று பார்த்தீர்களா? செகாவின் தாத்தா ஒரு பண்ணையடிமை. 1841இல் பணம் கட்டித் தம்மையும் தம் குடும்பத்தையும் மீட்டுக்கொண்டவர். தந்தை தகன்ரோக் நகரில் மளிகைக் கடை வைத்து நொடித்துப்போனவர். தன்னுள் இருக்கும் அடிமையைச் சொட்டுச் சொட்டாகப் பிழிந்து வெளியேற்றும் ஓர் இளைஞனைப் பற்றி எழுதிப் பாருங்கள் என்று 1889இல் பதிப்பாளர் சுவோரினுக்கு அவர் எழுதிய கடிதம், அவருடைய சொந்த வரலாறு. அப்படிப்பட்டவர் பண்ணை வீட்டுக்குள் நம்மை அழைத்துப் போவது அதன் அழகைக் காட்டுவதற்காக மட்டும் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

கடனில் மூழ்கி ஏலத்துக்கு வரப்போகும் அந்தப் பண்ணை வீட்டில் ஃபீர்ஸ் என்று ஒரு வேலைக்காரர் இருக்கிறார். வயது 87. அந்தப் பேரிடருக்கு முன்பும் இப்படித்தான் ஆந்தை அலறியது, தேநீர்க் கொதிகலனான சமோவார் ஓயாமல் முனகியது என்கிறார். எந்தப் பேரிடர் என்று கேட்டால், "விடுதலை" என்று பதில் வருகிறது. 1861இல் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பண்ணையடிமைகளை விடுவித்த ஆணையைத்தான் அந்த முதியவர் பேரிடர் என்கிறார். தமக்குக் கிடைத்த விடுதலையை ஏற்க மறுத்து எசமானர்களிடமே தங்கிவிட்டவர் அவர். விலங்கு கழன்ற பிறகும் மனத்தை விட்டு அடிமைத்தனம் கழலவில்லை என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று எந்த மேடையில் உண்டு? கார்க்கியின் விடுதிவாசிகள் தங்கள் நிலையை அறிந்தவர்கள். குடிக்கிறார்கள், சண்டையிடுகிறார்கள், அதை வாய்விட்டுச் சொல்கிறார்கள். ஃபீர்ஸுக்கோ தமக்கு அநீதி நேர்ந்தது என்பதே தெரியாது. தெரியாத அநீதியை நாடகமாக்குவது கடினம். செகாவ் அதைச் செய்தார்.

அடுத்து லப்பாகின். இதே பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்களின் வாரிசு, இன்று வணிகன். ரயில் பாதை வந்துவிட்டது, நகரம் பெருகுகிறது, தோட்டத்தைக் கோடை விடுதிகளுக்கான மனைகளாகப் பிரித்துக் குத்தகைக்கு விட்டால் ஆண்டுக்குக் குறைந்தது 25,000 ரூபிள் கிடைக்கும் என்று பண்ணை அம்மாளிடம் மன்றாடுகிறான். அவர்கள் கேட்கவில்லை. ஆகஸ்ட் 22 அன்று ஏலம் நடக்கிறது. கடனுக்கு மேல் 90,000 ரூபிள் வைத்து அவனே எடுக்கிறான். என் தந்தையும் தாத்தாவும் அடிமைகளாகக் கிடந்த, சமையற்கட்டுக்குள்கூட அவர்களை விடாத பண்ணையை நான் வாங்கிவிட்டேன் என்று அவன் கூவும்போது, அந்தக் களிப்பில் பாதி அழுகை. நிலம் கைமாறியது, பணம் பிறப்பை வென்றது, ஆனாலும் வென்றவனுக்கு நிம்மதி இல்லை. அன்றைய ரஷ்யாவின் நில வரலாறு முழுவதும் இந்த ஒரு காட்சியில் அடங்கியிருக்கிறது. கார்க்கியின் விடுதியிலும் முன்னாள் பிரபு ஒருவர் உண்டு; அவர் வீழ்ந்த கதையை நாம் அவர் வாய்மொழியாகக் கேட்கிறோம். செகாவிடம் அந்த வீழ்ச்சி நம் கண்ணெதிரே, மே மாதம் தொடங்கி அக்டோபருக்குள் நடந்து முடிகிறது.

ஏழைகள் அவர் கண்ணில் படவில்லை என்ற இரண்டாவது குற்றச்சாட்டைத்தான் நான் மிகவும் வருத்தத்தோடு கேட்டேன். இரண்டாம் அங்கத்தில் மாணவன் த்ரஃபீமவ் பேசும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிலாளர்கள் கேவலமான உணவை உண்டு, தலையணைகூட இல்லாமல், ஓர் அறைக்கு முப்பது நாற்பது பேராக உறங்குகிறார்கள் என்று செகாவ் எழுதியிருந்தார். கார்க்கியின் தங்கும் விடுதி முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது. தணிக்கை அதிகாரிகள் அதை நீக்கச் செய்தார்கள். அதே அங்கத்தில், உயிருள்ள மனிதர்களை உடைமையாக வைத்திருந்தது உங்கள் எல்லோரையும் கெடுத்துவிட்டது, முன்கூடத்தைத் தாண்டி உள்ளே விடாத மக்களின் செலவில் வாழ்கிறோம் என்பதையே நீங்கள் உணர்வதில்லை என்று பண்ணை மகள் ஆன்யாவிடம் அவன் சொல்லும் இடத்தையும் நீக்கினார்கள். அந்த இரண்டு இடங்களிலும் செகாவ் வேறு வாக்கியங்களை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. கார்க்கியின் நாடகத்திலும் தணிக்கையின் கத்தரி விழுந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் வெறும் ஒப்பாரிக்கு எந்த அரசாங்கமும் கத்தரி எடுப்பதில்லை, நடுவர் அவர்களே.

எழுதியதோடு அவர் நின்றுவிடவும் இல்லை. 1890இல், காசநோயின் அறிகுறிகள் உடம்பில் தெரிந்த நிலையிலேயே, சைபீரியாவைக் கடந்து சகலின் தீவுக்குச் சென்று, அங்கிருந்த கைதிகளையும் குடியேறியவர்களையும் வீடு வீடாகக் கணக்கெடுத்தார். 1892இல் காலரா வந்தபோது தாம் வாழ்ந்த மேலிகவா வட்டாரத்தில் ஊதியம் பெறாமல் மருத்துவம் பார்த்தார்.

அப்படியானால் ஒப்பாரி என்ற பெயர் எப்படி வந்தது? அதற்கு அரங்கேற்றமும் ஒரு காரணம். 'நகைச்சுவை நாடகம்' என்று செகாவ் முகப்பிலேயே எழுதியிருந்ததை ஸ்தனிஸ்லாவ்ஸ்கி துயர நாடகமாக மாற்றினார். 12 நிமிடங்களில் முடிய வேண்டிய கடைசி அங்கத்தை 40 நிமிடங்களுக்கு இழுக்கிறார்கள் என்று ஆசிரியரே மனம் நொந்து எழுதினார். அந்த இழுப்பில் பிறந்த கண்ணீரைப் பார்த்துவிட்டுத்தான் செகாவை இன்றுவரை எடைபோடுகிறோம். பண்ணை அம்மாள் வழிப்போக்கனுக்குத் தங்கக் காசை எடுத்துக் கொடுக்கும் அதே நேரத்தில், வீட்டு வேலையாட்களுக்குச் சாப்பிட ஒன்றும் இல்லை என்று வளர்ப்பு மகள் வார்யா பதறுகிறாள். அந்த இரக்கம் யாருடைய பட்டினியின் மேல் நிற்கிறது என்பதைப் பார்க்கவே செகாவ் நம்மை அழைத்தார்.

கடைசிக் காட்சியைச் சொல்லி அமர்கிறேன். எல்லோரும் கட்டியணைத்து அழுது விடைபெறுகிறார்கள். ஃபீர்ஸை மருத்துவமனைக்கு அனுப்பியாயிற்றா என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்கிறார்கள். அனுப்பியாயிற்று என்று பதில் வருகிறது. யாரும் போய்ப் பார்க்கவில்லை. வீட்டைப் பூட்டுகிறார்கள். வண்டிகள் போகும் ஓசை அடங்கிய பிறகு, உள்ளே இருந்து அந்தக் கிழவர் நடந்து வருகிறார், கதவின் கைப்பிடியைத் தொட்டுப் பார்க்கிறார். பூட்டியிருக்கிறது. என்னை மறந்துவிட்டார்கள் என்கிறார், கோபம் இல்லை. அடுத்த நொடியே, எசமானர் காயேவ் கம்பளிக் கோட்டு போடாமல் போயிருப்பாரே என்று கவலைப்படுகிறார். பிறகு படுத்துவிடுகிறார். வெளியே மரங்களில் கோடரி விழும் சத்தம் கேட்கிறது.

நன்றி, வணக்கம்.